ஆயிரம் பேர் இருக்கும் முதலாண்டுப் பொருளியல் வகுப்பு: எடுத்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்

பனிக்காலப்பொடியன் (ஓகஸ்ட் 19)
வணக்கம். இந்த செப்டெம்பரில் யூனிக்குப் போகிறேன். ஒன்ராறியோவில்தான், எது என்று சொல்லவில்லை. கொமர்ஸ் பக்கம் போவதென்றால் முதலாண்டில் மைக்ரோ, மாக்ரோ என்று இரண்டு பொருளியல் பாடங்களும் கட்டாயம். மைக்ரோ வகுப்பில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இடம் போட்டிருக்கிறார்கள். ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் அதே பாடத்தில் 58 எடுத்து, ஒரு கிழமை அழுது, பிறகு சோசியோலஜிக்கு மாறினவர். அம்மாவோ "பொருளியல் எல்லாம் பொது அறிவுதானே, பேப்பர் வாசித்தால் காணும்" என்கிறா. யார் சொல்வது சரி? கல்குலஸ் வேண்டுமா? புத்தகமும், வீட்டு வேலை செய்யும் இணையத்தளத்துக்குள் நுழையும் ஒன்லைன் கோடும் (code) சேர்த்து 150 டொலருக்கு மேல் வருகிறது, வாங்கத்தான் வேண்டுமா? வகுப்புக்குப் போகாமல் ஸ்லைட்டை மட்டும் வாசித்துச் சமாளித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து கை தூக்குங்கள்.

வடலி (ஓகஸ்ட் 19)
என் அம்மாவும் அதையேதான் சொன்னவர், நம்பிப் போனேன். பன்னிரண்டாம் வகுப்பில் எக்கோவுக்கு 94, இங்கே முதல் மிட்டேர்முக்கு 61. படிக்காமல் போகவில்லை, ஸ்லைட் முழுவதையும் மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் போனேன். பிழை விட்டதே அங்கேதான்.

கேள்வி இப்படி வரும். பிரேசிலில் உறைபனி விழுந்து கோப்பிப் பயிர் கருகிவிட்டது, கோப்பி விலை ஏறுகிறது, கோப்பிக்கான டிமாண்டுக்கு என்ன நடந்தது? நான் "குறைந்தது" என்று போட்டேன். விலை ஏறினால் சனம் குறைவாகத்தானே வாங்கும்? பிழை. டிமாண்ட் கோடு, அதாவது எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு, இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. எந்த விலைக்கு எவ்வளவு விற்க வரும் என்று காட்டும் சப்ளை கோடுதான் இடப்பக்கம் நகர்ந்தது, நாங்கள் பழைய டிமாண்ட் கோட்டிலேயே கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறோம். வாங்கும் அளவுதான் குறைந்தது. இதை வாசிக்கும்போது "ஓம், தெரியும்" என்று தலையாட்டுவாய். நேரம் ஓடிக்கொண்டிருக்க, நான்கு விடையில் மூன்று சரி மாதிரியே தெரியும்போதுதான் விளங்கும். அடுத்த கேள்வி, அதே உறைபனியால் தேயிலைக்கு என்ன நடக்கும்? அங்கே டிமாண்ட் கோடு உண்மையிலேயே வலப்பக்கம் நகரும், ஏனென்றால் கோப்பிக்காரரில் கொஞ்சப் பேர் தேநீருக்கு மாறுவார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டவர்கள் எங்கள் வரிசையில் மட்டும் ஐந்து பேர்.

ஆகவே ஸ்லைட் காணாது. பழைய தாள்களை எடுத்து, ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு, நேரம் பார்த்துச் செய். புத்தகம் பழைய பதிப்பு போதும், கோப்பி உதாரணத்துக்குப் பதில் ஆரஞ்சு போட்டிருப்பான், வேறு வித்தியாசம் பெரிதாக இல்லை. அந்த ஒன்லைன் கோடை (code) மட்டும் வாங்காமல் தப்ப முடியாது, வீட்டு வேலைக்கு 10 மார்க்ஸ் அதற்குள்ளேதான் இருக்கிறது.

வைகைக்கரை (ஓகஸ்ட் 20)
நான் மதுரையில் பிளஸ் டூ வரை பொருளியல் படித்துவிட்டு இங்கே வந்தவன். எங்கள் ஊரில் முதல் பாடமே இலக்கணம்தான், அதாவது பொருளியல் என்றால் என்ன என்ற வரையறை. ஆடம் ஸ்மித்தின் செல்வ இலக்கணம், மார்ஷலின் நல இலக்கணம், ராபின்ஸின் பற்றாக்குறை இலக்கணம், சாமுவேல்சனின் வளர்ச்சி இலக்கணம். நான்கையும் நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். இங்கே வந்து ஒரு செமஸ்டர் முழுக்க யாரும் பொருளியலுக்கு இலக்கணம் கேட்கவில்லை! கோட்டை நகர்த்து, முக்கோணத்தின் பரப்பைக் கண்டுபிடி, அடுத்த கேள்விக்குப் போ. பத்து மதிப்பெண்ணுக்கு நான்கு பக்கம் எழுதிப் பழகிய கைக்கு வட்டத்தைக் கறுப்பாக்குவது அவமானமாக இருந்தது, அப்புறம் அதிலேயே 66 வாங்கியது இன்னும் பெரிய அவமானம்.

ஒன்று சொல்லணும். மனப்பாடம் என்று ஊர்ப் பாடத்தைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் ராபின்ஸ் ஏன் மார்ஷலோடு முரண்பட்டார் என்பதாவது அதில் இருந்தது, இந்தத் துறைக்குள்ளேயே சண்டை உண்டு என்று பதினாறு வயதில் தெரிந்தது. இங்கே பன்னிரண்டு வாரத்தில் ஒரு பொருளியலாளர் இன்னொருவரை மறுத்ததாக ஒரு ஸ்லைட்கூட வரவில்லை.

வடலி (ஓகஸ்ட் 20)
டிமாண்ட், சப்ளை இரண்டையும் தேவை, அளிப்பு என்று நீங்கள் படித்ததை எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் ஏ/எல்லில் கேள்வி, நிரம்பல் என்று படித்தவர். எனக்கு உதவி செய்யப்போய் "கேள்வியில் என்ன மாற்றம்?" என்று கேட்டார், நான் "எந்தக் கேள்வி, பதினெட்டாவதா?" என்றேன். அரை மணித்தியாலம் அப்படியே போனது.

இரவுப்பணி (ஓகஸ்ட் 21)
கஷ்டமா இல்லையா என்பதை விடுங்கள், எனக்கு அந்தப் பாடத்தில் கோபம் வந்த நாள் ஒன்று இருக்கிறது.

நான் இரவில் கோப்பிக்கடையில் வேலை. ஆறு மணிக்கு முடித்து, பஸ்ஸில் தூங்கி, ஒன்பது மணி வகுப்புக்கு வந்து மேல் வரிசையில் இருப்பேன். அன்றைக்குப் பாடம் விலைத் தளம், அதாவது அரசாங்கம் "இதற்குக் கீழே போகாதே" என்று போடும் விலை. உதாரணம் குறைந்தபட்சச் சம்பளம். பேராசிரியர் வேலைச் சந்தைக்கு ஒரு டிமாண்ட் கோடு, ஒரு சப்ளை கோடு, இரண்டும் வெட்டும் இடத்தில் சமநிலை, அதற்கு மேலே சிவப்பில் ஒரு நேர்கோடு கீறினார். வேலை கேட்கிறவர்களுக்கும் இருக்கிற வேலைக்கும் நடுவில் விழுந்த இடைவெளிக்குப் பெயர் வேலையின்மை. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, அடுத்த ஸ்லைட்டில் பால் கோட்டா, அதாவது பண்ணைகள் இவ்வளவு பால்தான் விற்கலாம் என்ற வரம்பு, வந்துவிட்டது.

2018 ஜனவரி 1 ஆம் திகதி ஒன்ராறியோவில் மணிக்கு 11.60 டொலரிலிருந்து 14 டொலராக ஏறியபோது என் அம்மா ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலையில் இருந்தவ. அடுத்த வருடம் 15 ஆகியிருக்க வேண்டும், ஆட்சி மாறியதும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு டொலரைப் பற்றி எத்தனை நாள் கதைத்தோம் தெரியுமா? அது அந்த ஸ்லைட்டில் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் இருந்தவன் "அப்ப மினிமம் வேஜ் கூடாதுதானே" என்று குறிப்பு எழுதுகிறான். கையைத் தூக்கிக் கேட்கலாம் என்றால் எனக்கும் மேடைக்கும் நடுவில் அறுநூறு தலை.

டியூட்டோரியல்_அக்கா (ஓகஸ்ட் 21)
நான் இதே மாதிரி ஒரு பாடத்துக்கு நான்கு வருடமாக டிஏ, அதாவது டியூட்டோரியல் நடத்தும் உதவி ஆசிரியர். பெயர் போட்டு எழுத முடியாது, சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது.

@இரவுப்பணி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டோடு பொருளியல் முடிந்துவிடவில்லை. டேவிட் கார்ட் என்று ஒருவர், நம்ம குவெல்ஃப் பக்கத்தில் பால் பண்ணையில் வளர்ந்தவர். அவரும் அலன் க்ரூகரும் 1994 இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நியூ ஜெர்சியில் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் 4.25 இலிருந்து 5.05 டொலராக ஏறியது, எல்லைக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் ஏறவில்லை. இரண்டு பக்கமுமாக 410 துரித உணவுக் கடைகளை, ஏறுவதற்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் விசாரித்தார்கள். சிவப்புக் கோட்டின்படி நியூ ஜெர்சியில் வேலை குறைந்திருக்க வேண்டும். குறைந்ததற்கு அடையாளமே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பெரிய சண்டை. நியூமார்க், வாஷர் என்ற இருவர் சம்பளப் பதிவுகளை எடுத்து மறுத்து எழுதினார்கள், இவர்கள் அதற்கும் பதில் எழுதினார்கள். 2021 இல் கார்டுக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. க்ரூகர் 2019 இலேயே இறந்துவிட்டார்.

ஏன் குறையாமல் இருக்கலாம் என்பதற்கும் விளக்கம் உண்டு. ஒரு சின்ன ஊரில் வேலை தருகிறவர் ஒருவரோ இருவரோதான் என்றால், சம்பளத்தைச் சந்தை தீர்மானிப்பதில்லை, அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள், குறைத்தே வைக்கிறார்கள். அங்கே சட்டம் கொஞ்சம் மேலே தள்ளினால் வேலை கூடவும் செய்யலாம். எவ்வளவு தள்ளலாம் என்பதில்தான் விவாதம் எல்லாம்.

இரவுப்பணி (ஓகஸ்ட் 22)
நன்றி அக்கா, உண்மையாகவே நன்றி. ஆனால் ஒரு கேள்வி. இது 1994 ஆம் ஆண்டு ஆய்வு. நான் பிறக்கவே இல்லை. இதை ஏன் அந்த வகுப்பில் ஐந்து நிமிடம் சொல்லவில்லை?

டியூட்டோரியல்_அக்கா (ஓகஸ்ட் 22)
சொல்வதாகத்தான் பாடத்திட்டம். எங்கள் பாடத்தில் கடைசி வாரத்துக்கு வைத்திருக்கிறார்கள், கடைசி வாரம் எப்போதும் மீட்டலுக்குப் போய்விடும். மூன்றாம் ஆண்டில் தொழிலாளர் பொருளியல் எடுத்தால் இதை வைத்தே இரண்டு கிழமை போகும். அங்கே வகுப்பில் நாற்பது பேர். ஆயிரம் பேருக்குக் கோட்டைக் காட்டி அனுப்பிவிட்டு, நாற்பது பேரிடம் மட்டும் "அது எப்போதும் அப்படியில்லை" என்று காதில் சொல்கிறோம். மீதி 960 பேர் வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் சொந்தக் கடைக்கும் போய் ஆயுள் முழுக்க அந்தச் சிவப்புக் கோட்டை வைத்தே வாதாடுவார்கள். எனக்கு இந்தப் பாடத்தில் உள்ள முறைப்பாடு இது ஒன்றுதான், கணக்குக் கஷ்டம் என்பதெல்லாம் சும்மா.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. ஹார்வர்டில் எக் 10 என்று இதே மாதிரி ஒரு பாடம், பல நூறு பேர், கிரெகரி மான்கியூ படிப்பித்தார். அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் சபைக்குத் தலைவராக இருந்தவர், உலகம் முழுக்க விற்கும் பாடப்புத்தகமும் அவருடையதுதான். 2011 நவம்பர் 2 ஆம் திகதி ஏறக்குறைய 70 மாணவர்கள் வகுப்பை விட்டு எழுந்து போனார்கள், பாடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவருக்குப் பகிரங்கக் கடிதமும் எழுதினார்கள். நியூயோர்க்கில் வால் ஸ்ட்ரீட் வங்கிகளுக்கு எதிராகச் சனம் பூங்காவில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த காலம் அது. வேடிக்கை என்னவென்றால் அன்றைய பாடமே வருமான ஏற்றத்தாழ்வு பற்றியது, எழுந்து போனவர்கள் அதைக் கேட்கவில்லை.

பழைய_கணக்கன் (ஓகஸ்ட் 22)
எழுந்து போன பிள்ளைகளும் ஃபைனலுக்குத் திரும்பி வந்திருப்பார்கள், எழுதித் தருகிறேன்.

நான் இந்தப் பாடத்தை எடுத்து இருபத்தைந்து வருடம். எக்கவுண்டன்ட். ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நின்றது, போன காசைப் பார்க்காதே என்பது. பழைய வேனுக்கு 1,800 டொலர் செலவழித்துவிட்டோம், இப்போது கியர்பொக்ஸ் போய்விட்டது, இன்னும் 2,500 கேட்கிறான். மனிசி "இவ்வளவு போட்டுவிட்டு எறிவதா?" என்றா. நான் போர்டில் கீறி விளங்கப்படுத்தினேன், போட்ட 1,800 எப்படியும் வராது, இனிப் போடும் 2,500 இற்கு என்ன வரும் என்று மட்டும் பார் என்று. கடைசியில் திருத்தித்தான் எடுத்தோம். அவ சொன்னது, அந்த வேனில்தான் பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்தது என்று. அதற்கு எந்தப் பக்கத்தில் கோடு கீறுவது?

நிலவறை (ஓகஸ்ட் 23)
வாடகைக் கட்டுப்பாட்டையும் அதே வேகத்தில்தான் நடத்தினார்கள். விலை உச்சவரம்பு, அதாவது "இதற்கு மேலே போகாதே" என்ற விலை, சமநிலைக்குக் கீழே ஒரு கோடு, இடைவெளிக்குப் பெயர் தட்டுப்பாடு, முடிந்தது. ஒன்ராறியோவில் 2018 நவம்பர் 15 இற்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடிவந்த வீடுகளுக்கு வருடாந்த உயர்வு வரம்பே கிடையாது. நான் இருக்கும் பேஸ்மென்ட் அதற்குப் பிறகு கட்டி முடித்தது, ஒரே தடவையில் மாதம் 250 டொலர் ஏற்றினார்கள். அந்தக் கோடு எனக்குக் கீழே இல்லை, மேலேயும் இல்லை, நான் கோட்டுக்கே வெளியே.

வடலி (ஓகஸ்ட் 23)
எங்கள் வீட்டிலும் பேஸ்மென்ட் வாடகைக்கு விட்டிருக்கிறோம். மோட்கேஜ் வட்டி இரட்டிப்பானபோது வாடகை 2.5 வீதம்தான் ஏற்றலாம் என்றார்கள், பழைய வீடு என்பதால். அப்பா அடுத்த தடவை ஆள் எழும்பினால் இனி வாடகைக்கே விடுவதில்லை என்கிறார். பேராசிரியர் ஸ்லைட்டில் சொன்னது அட்சரம் பிசகாமல் அதுதானே, நிரம்பல் குறையும் என்று? உனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அது பொய்யாகிவிடாது.

நிலவறை (ஓகஸ்ட் 23)
பொய் என்று நான் எங்கே சொன்னேன். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போகிற விஷயமா என்றுதான் கேட்கிறேன்.

டியூட்டோரியல்_அக்கா (ஓகஸ்ட் 23)
நீங்கள் இரண்டு பேரும் என் டியூட்டோரியலுக்கு வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு முப்பது பேருக்கு ஏழு பேர் வருவார்கள், அதில் மூவர் மார்க்ஸ் கேட்க.

சரி, கேட்டவருக்குப் பதில். @பனிக்காலப்பொடியன், கல்குலஸ் பெரும்பாலும் வேண்டாம், சரிவும் முக்கோணப் பரப்பும் சதவீதமும் தெரிந்தால் போதும். சில துறைகளில் கணித வழி வகுப்பு தனியாக இருக்கும், பாடக் குறியீட்டைச் சரிபார். சதவீதத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஒரு டேக் அவுட்டில் கொத்து ரொட்டி 8 டொலர், ஒரு நாளைக்கு 60 பெட்டி போகிறது. விலையை 12 ஆக்கினால் 40 பெட்டி. நெகிழ்ச்சி எவ்வளவு, அதாவது விலை மாறும் வீதத்தோடு ஒப்பிட்டால் விற்பனை எவ்வளவு மாறுகிறது? 8 இலிருந்து பார்த்தால் விலை 50 வீதம் ஏறி, விற்பனை 33 வீதம் இறங்கியிருக்கிறது, விடை 0.67. திருப்பி 12 இலிருந்து 8 இற்கு வந்தால் விலை 33 வீதம் இறங்கி, விற்பனை 50 வீதம் ஏறும், விடை 1.5. ஒரே கடை, ஒரே கொத்து, போகும்போது ஒரு விடை, வரும்போது ஒரு விடை. அதனால்தான் நடுப்புள்ளியை வைத்து வகுக்கச் சொல்கிறோம். விலை வித்தியாசம் 4, நடு விலை 10, ஆக 40 வீதம். பெட்டி வித்தியாசம் 20, நடு அளவு 50, அதுவும் 40 வீதம். விடை சரியாக 1. கல்லாவைப் பார், 8 தர 60 உம் 480, 12 தர 40 உம் 480. விடை 1 என்றால் கல்லா மாறாது என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

இலவசமாக வாசிக்க வேண்டுமென்றால் கோர் என்று ஒரு திட்டம் இருக்கிறது, 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு மாணவர்கள் போட்ட சத்தத்தில் பிறந்தது என்று சொல்லலாம். வெண்டி கார்லினும் சாமுவேல் பௌல்ஸும் முன்னின்று எழுதுவித்த புத்தகம் இணையத்தில் முழுதாக இருக்கிறது. ஏற்றத்தாழ்வும் காலநிலையும் கடைசி வாரத்துக்கு ஒதுக்கப்படாமல் முதலிலேயே வரும். உன் மிட்டேர்முக்கு உதவாது. இரவில் வாசி.

வைகைக்கரை (ஓகஸ்ட் 24)
தம்பி, அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள். முன் வரிசையில் உட்கார். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க இல்லை, பின்னால் முந்நூறு லேப்டாப் திரையில் ஹாக்கி ஓடும், உன் கண் அங்கேதான் போகும்.

பனிக்காலப்பொடியன் (ஒக்டோபர் 21)
மீண்டும் நான். மிட்டேர்ம் வந்தது: 72, வகுப்புச் சராசரி 64. கோப்பிக் கேள்வி வரவில்லை, ஆரஞ்சு வந்தது, புளோரிடாவில் உறைபனி. வடலி அண்ணாவை நினைத்துச் சிரித்துக்கொண்டே போட்டேன், சரி. நடுப்புள்ளிக் கேள்வியும் சரி. பிழைத்தது எல்லாம் பால் கோட்டாவில், இறக்குமதி வெண்ணெய்க்கு ஏறக்குறைய 300 வீத வரி என்று சொன்ன இடத்தில் அதிர்ச்சியில் மீதிக் கேள்வியை ஒழுங்காக வாசிக்கவில்லை.

குறைந்தபட்சச் சம்பளம் போன கிழமை நடந்தது. அதே சிவப்புக் கோடு. வகுப்பு முடிந்து மேடைக்குக் கீழே வரிசையில் இருபது நிமிடம் நின்று கார்ட் பற்றிக் கேட்டேன். பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது, நின்ற நிலையில் கால் மணித்தியாலம் கதைத்தார், அடுத்த வகுப்புக்காரர் வந்து கலைக்கும் வரைக்கும். இதை ஏன் மைக்கில் சொல்லவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்புறம், என் மாமா டேக் அவுட் வைத்திருக்கிறார். அக்காவின் கொத்துக் கணக்கைக் காட்டி, விலை ஏற்றினால் உங்களுக்கு எத்தனை பெட்டி குறையும் என்று கேட்டேன். அவர் கடதாசியை ஒரு தரம் பார்த்தார். "நான் எங்கே ஏற்றினேன்? போன வருசத்திலிருந்து பெட்டியை அல்லவா சின்னதாக்கினேன். ஒரு பெட்டியும் குறையவில்லை" என்றார். இதற்கு நெகிழ்ச்சி கண்டுபிடிப்பது எப்படி அக்கா?

பழைய_கணக்கன் (ஒக்டோபர் 21)
தம்பி, கடை எந்தப் பக்கம்? நான் ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு கொத்து எடுக்கிறவன். பெட்டி சிறுத்துவிட்டது என்று வீட்டில் ஒரு வருடமாகச் சொல்கிறேன், ஒருவரும் நம்பவில்லை.